தும்மலை எந்த பேடில் வைத்தேன்?

ஆவணி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கதவைத் திறந்தால், கீழ்வீட்டு தனலட்சுமி நிற்கிறார். கையில் எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தில் கொண்டைக்கடலை.

சுண்டல் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

"ஒண்ணு எடுத்து வாயில போடுக்கா."

போட்டேன். கடித்தேன். கடைவாய்ப் பல் 'உனக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்டது.

"அஞ்சு விசிலுக்கா! நைட்டே ஊறப் போட்டு, அஞ்சு விசில் எண்ணிக்கினு எறக்கினேன். கல்லு மாதிரி கீது. நேத்து பருப்பும் இப்டித்தான். அதுக்கு முன்னாடி சோறு. கேஸ்கட்டு மாத்தியாச்சி, வெயிட்டு மாத்தியாச்சி. குக்கரையே மாத்தணும்ன்றாரு எங்க ஊட்டுக்காரரு."

அனுதாபத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் உள்ளறையிலிருந்து ஒரு விசில். சாதாரண விசில் அல்ல... நீளமான, கொழுத்த, முழு விசில்.

"உன்து ஒண்ணு ஆயிடிச்சி பாரு" என்றார் தனம், பழக்கதோஷத்தில்.

பிறகு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் வாசலில் நின்றாலே சமையலறை தெரியும். அடுப்பு துடைத்தது துடைத்தபடி இருந்தது. குக்கர் தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

மறுபடி ஒரு விசில்.

"யக்கா... அடுப்பே பத்தலியே. விசிலு எங்கேர்ந்து வருது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சில மாதங்களாக எனக்கு வலது கை விரல்கள் காலையில் மடங்க மறுக்கின்றன. பிசியோதெரபி பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து, "தினமும் பிசையுங்க மேடம்" என்றாள். சப்பாத்தி மாவு பிசைந்து பிசைந்துதான் இந்த விரல்களே இப்படி ஆயின. மருந்தும் பிசைவதுதானா? பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ. ஒரு பெண் சின்னச் சின்ன ரப்பர் சதுரங்களை விரல் நுனியால் தட்டுகிறாள். தட்டத் தட்ட சதுரம் பச்சையாகிறது, சிவப்பாகிறது, மேளம் முழங்குகிறது. விரலுக்கும் வேலை, காதுக்கும் விருந்து. உடனே ஆர்டர் போட்டேன்.

வந்து இறங்கியது மிடி கீபோர்டு கன்ட்ரோலர். ஒரு முழ நீளம்கூட இல்லை. கொஞ்சம் கறுப்பு வெள்ளைக் கட்டைகள், பக்கத்தில் எட்டுச் சதுரங்கள். சதுரத்துக்குப் பெயர் 'பேட்'.

என் கணவருக்குத் தமிழ் இலக்கியத்தில் ருசி அதிகம். "மிடி என்றால் வறுமை" என்றார் அட்டைப்பெட்டியைப் பார்த்து. "வாங்கும்போது பேரைப் பார்த்து வாங்க வேண்டாமா?"

நான் காதில் வாங்காமல் பேடைத் தட்டினேன். சத்தமே இல்லை!

அரை நாள் கழித்துத்தான் புரிந்தது: இந்தப் பெட்டிக்குச் சொந்தக் குரல் கிடையாது. 'முதல் பேடைத் தட்டினார்கள், இவ்வளவு பலமாகத் தட்டினார்கள்' என்று லேப்டாப்பிடம் கோள் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. எந்தச் சத்தத்தைப் போடுவது என்று நாம்தான் லேப்டாப்பில் ஒவ்வொரு பேடுக்கும் எழுதிவைக்க வேண்டும். சரி, மேளச் சத்தங்களை இறக்கலாம் என்று பார்த்தால், லேப்டாப்பில் இடமில்லை.

மேளம் இல்லாவிட்டால் என்ன... வீட்டில் சத்தத்துக்கா பஞ்சம்?

போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குக்கர் விசில் ஒரு பேட். டம்ளர் தரையில் விழுந்து உருளும் சத்தம் ஒரு பேட். நான் கணவரைக் கூப்பிடும் 'ஏங்க' ஒரு பேட். எல்லாவற்றுக்கும் தலைவராக, முதல் பேடில் என் கணவரின் தும்மல். அது அம்பத்தூரில் கிளம்பி ஆவடியில் முடிகிற தும்மல். பதிவு செய்ய ஒரு வாரம் போனோடு அவர் பின்னாலேயே அலைந்தேன். மனிதர் கூச்சத்தில் தும்மவே இல்லை. கடைசியில் மிளகாய் வறுத்தேன்.

ஏரிக்காற்று வருகிற ஜன்னலோரம் ஸ்பீக்கரை வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் தனத்தின் சமையலறை என்பதை நான் யோசிக்கவில்லை. தனம் குக்கரை ஏற்றிவிட்டுத் துணி காயப்போடப் போகிறவர். விசிலைக் காதால்தான் எண்ணுவார். அவருடைய குக்கர் இரண்டு போட, என்னுடைய பேட் மூன்று போட, ஆக மொத்தம் ஐந்து!

என் கணவர் இதையெல்லாம் 'சின்னப்பிள்ளை விளையாட்டு' என்பார். நான் அறையை விட்டு வெளியே போனதும் உட்கார்ந்து தட்டுவார். அன்றைக்கும் தட்டியது அவர்தான்.

தனம் உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார். "இத்துனூண்டு பொட்டியா எங்கூட்டு சோத்த வேக விடாம பண்ணிச்சி?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட நேரமும் இல்லை.

"மத்யானம் திவ்யாவப் பாக்க வெள்ளானூர்லேர்ந்து வராங்கக்கா. சுண்டல மறுபடி ஏத்தணும். சாயங்காலம் வரிக்கும் இத்தத் தொடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

எங்கள் அயனம்பாக்கம் அடுக்குமாடி நிற்பதே தனத்தின் மாமனார் உழுத நிலத்தில்தான். நிலத்தைக் கொடுத்ததற்குக் கீழ்த்தளத்தில் வீடு கிடைத்தது. கணவர் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் திவ்யா சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை.

சத்தியம் செய்து, பிளக்கைப் பிடுங்கினேன். கிளம்பிய தனம் வாசலில் நின்று திரும்பினார். "யக்கா, இது கீபோர்டுதான?"

"ஆமாம்" என்றேன். யதார்த்தமாகத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு தட்டும் சத்தம். இந்தத் தடவை திவ்யா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகம் மட்டும் கடுகடு.

"ஆன்ட்டி, எங்கம்மா ஒரு வேலை பண்ணி வச்சிருக்காங்க."

பின்னாலேயே தனம். "இன்னாடி பண்ணிட்டேன்? பையனோட அம்மா போன்ல, பொண்ணுக்கு இன்னா தெரியும், பாட்டு வருமான்னு கேட்டுக்கினே கீறாங்க. ஒண்ணியும் தெரியாதுன்னு எப்டிச் சொல்றது? இந்தப் பொட்டியப் பாத்துட்டுப் போனேனா... கீபோர்டு வாசிப்பான்னு வாயில வந்துடிச்சி."

"அதுக்கு அவங்க?"

"'வந்து கேக்கறோம், வாசிக்கச் சொல்லுங்க'ன்னுட்டாங்க."

"எனக்குத் தெரிஞ்ச ஒரே கீபோர்டு ஆபீஸ்ல இருக்கு" என்றாள் திவ்யா. "அதுல டைப்தான் அடிக்க முடியும்."

உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். தனம் பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார். "யக்கா, வர்றவங்க எல்லாம் எதுனா ஒண்ணு சொல்லிட்டுப் போறாங்க. ஒயரம் பத்தலன்னாங்க. வயசாயிடிச்சின்னாங்க. பையன விட சம்பளம் ஜாஸ்தின்னு ஒருத்தர் எழுந்து போனாரு. சம்பளம் ஜாஸ்தியா இருக்கறது ஒரு குத்தமாக்கா? இந்த எடத்துக்கும் ஒரு காரணம் குடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்." கண் கலங்கிவிட்டது.

அம்மா கண் கலங்கியதும் திவ்யாவின் கடுகடுப்பு இறங்கியது. என் புத்தியும் சேர்ந்து இறங்கியது.

லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு புல்லாங்குழல் இசை இருந்தது. அதை முதல் பேடில் வைத்துவிடலாம். திவ்யா அதை ஒரே ஒரு தடவை தொட்டால் போதும், குழல் தானாக ஓடும். கட்டைகளின் சத்தத்தை அணைத்துவிட்டால், அவள் விரலைச் சும்மா மேலும் கீழும் நடக்கவிடலாம். மேடையில் பாடகர்கள் உதட்டை அசைக்கிறார்கள்... திவ்யா விரலை அசைக்கக் கூடாதா?

என் சத்தங்களை அழிக்க மனம் வரவில்லை. இந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் அதே எட்டு பேடும் வேறு வரிசைக்கு மாறும். ஏ வரிசையில் குழல், பி வரிசையில் என் குடும்பம். ஏ வரிசை முதல் பேடைத் தொட்டால் குழல். பி வரிசை முதல் பேடைத் தொட்டால்... ஆமாம், தும்மல்.

குழல் நிற்காமல் ஓட வேண்டுமே. 'ஒருமுறை தொட்டால் திரும்பத் திரும்ப ஒலி, மறுமுறை தொட்டால் நில்' என்று உத்தரவு எழுதினேன். லேப்டாப், "எல்லா பேடுக்குமா?" என்று கேட்டது. அவசரத்தில் 'ஆம்' தட்டினேன். அவசரத்தில் ஆம் சொல்லாதவர்கள் யார்?

எமகண்டம் முடியட்டும் என்று ஏரிக்கரையில் காரை நிறுத்திக் காத்திருந்துவிட்டு வந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். காத்திருக்க வைத்தவர் பையனின் தாய்மாமா ஏழுமலை. சகுனம், சாஸ்திரம் எல்லாம் அவர் இலாகா. பையனின் அம்மா ரேணுகா, இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்ன, வாசல்படி ஏறும்போதே பேசிக்கொண்டு வந்தார். பையனின் அப்பா வாயே திறக்கவில்லை. பையன் சதீஷ், நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையில் எதையோ தொலைத்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனம் வீட்டு டீப்பாயில் கீபோர்டு. திரைச்சீலைக்குப் பின்னால் லேப்டாப். சோபாவுக்கு அடியில் ஸ்பீக்கர். சமையலறையில் சுண்டல் இரண்டாம் தடவையாகக் குக்கரில். அதற்குக் காவல் தனத்தின் கணவர். அஞ்சாவது விசிலில் அணைக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை.

"வாசிம்மா" என்றார் ரேணுகா, ஆசையாக.

திவ்யா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த இழுப்பில் அவள் வளையல், வரிசை மாற்றும் பொத்தானை உரசியதை யாரும் பார்க்கவில்லை. முதல் பேடைத் தொட்டாள்.

"ஆ... ஆ... ஹச்ச்ச்சூ!"

ஏழுமலை துள்ளி எழுந்தார். "யாரு தும்முனது?"

எல்லோரும் வாசலோரம் நின்ற என் கணவரைப் பார்த்தார்கள். "நான் இல்லீங்க" என்றார் அவர். பொய்யா, உண்மையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"நல்ல காரியத்துல ஒத்தத் தும்மலு! எழுந்திரிங்க, கெளம்பலாம்."

சதீஷும் அப்பாவும் எழுந்தார்கள். "ஹச்ச்ச்சூ!"

ஏழுமலை நின்றார். "ரெட்டை. ரெட்டை நல்லது. குந்துங்க."

உட்கார்ந்தார்கள். "ஹச்ச்ச்சூ!"

எழுந்தார்கள். "ஹச்ச்ச்சூ!" உட்கார்ந்தார்கள்.

திவ்யா பயத்தில் பேடைப் படபடவென்று அமுக்கினாள். தும்மல் நின்று, மறுபடி ஆரம்பித்தது. விரல் பக்கத்து பேடுகளிலும் பட்டது. டம்ளர் விழுந்து உருண்டது, திரும்பத் திரும்ப. விசில் பறந்தது. நடுநடுவே என் குரல் 'ஏங்க... ஏங்க' என்றது. ஒவ்வொரு 'ஏங்க'வுக்கும் சதீஷின் அப்பா "இன்னா?" என்று பயபக்தியோடு பதில் சொன்னார். சமையலறையில் தனத்தின் கணவர் கடமை தவறாமல் அடுப்பை அணைத்தார்.

நான் சோபாவுக்கு அடியில் தவழ்ந்து போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன்.

"ஆ... ஆ..." என்பதோடு நின்றது தும்மல்.

ஏழுமலை பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தார். "இப்ப இது அரைத் தும்மலாச்சே" என்றார் கவலையோடு. அரைத் தும்மலுக்கு என்ன பலன்? எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்க மாட்டார்கள்.

சமையலறை வாசலில் தனம் தட்டோடு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திவ்யா எழுந்தாள். "எனக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. எங்கம்மா என் மேல இருக்கற ஆசையில சொல்லிட்டாங்க. இது மேல் வீட்டு ஆன்ட்டியோடது. தும்மல் அங்கிளோடது."

எல்லோரும் மறுபடி என் கணவரைப் பார்த்தார்கள். அவர் கும்பிட்டார்.

முதலில் ரேணுகாவின் தோள்தான் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். பிறகு மூக்குத்தி குலுங்கியது. பிறகு சோபாவே குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அத்த இப்டிக் கொண்டா" என்றார். "ஒயர மாட்டுக்கா!"

மாட்டினேன். அந்தம்மாள் ஒரு விசில் விட்டார், ஒரு டம்ளரை உருட்டினார், அதன்மேல் ஒரு தும்மலைப் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு தாளம் இருந்தது. ஒரு மாதம் தட்டியும் எனக்கு வராத தாளம்.

"பெரியவங்க பேசிக்கினு இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு பேசிட்டு வாங்க" என்று பையனையும் பெண்ணையும் அனுப்பினார்கள். பெரியவர்கள் எங்கே பேசினார்கள்? தும்மலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது சதீஷ் வெளிறிப் போயிருந்தான். திவ்யா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "சொல்லுங்க. இப்ப சொன்னாதான் உண்டு" என்றாள்.

"அம்மா... ஆபீஸ்ல ஒரு பொண்ணு... ரெண்டு வருஷமா..."

ரேணுகாவின் கை நின்றது. நிறுத்தாமல் விட்ட டம்ளர் மட்டும் விழுந்து உருண்டுகொண்டே இருந்தது. அதைத் தட்டி நிறுத்தினார்.

"ஏன்டா சொல்லல?"

"நீ கத்துவன்னு."

"இப்ப மட்டும் கத்த மாட்டனா?"

"அதான் நான் அப்பவே சொன்னேன், ஒத்தத் தும்மலு!" என்றார் ஏழுமலை. "உங்களுக்கு ஒத்தை, அவருக்கு ரெட்டை" என்றாள் திவ்யா, சதீஷைக் காட்டி.

ரேணுகா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, ஒரு பேடை அமுக்கினார். 'ஏங்க' என்றது என் குரல்.

"இன்னா?" என்றார் அவர் கணவர்.

"உம் புள்ள சொல்றத கேட்டியா? இன்னா பண்ணலாம்?"

வந்ததிலிருந்து 'இன்னா' தவிர வேறு வார்த்தை பேசாத மனிதர் தொண்டையைச் செருமினார். "நீ சிரிச்சிக்கினு கீறப்பவே முடிச்சிடலாம்" என்றார்.

சமையலறையில் தனம் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். "நல்ல எடம்க்கா. அந்தம்மா எவ்ளோ ஷோக்கா சிரிக்கிறாங்க. எம் பொண்ணு அந்த ஊட்ல நல்லா இருந்திருப்பா."

"மனசுல வேற பொண்ண வச்சிக்கினு கட்டியிருந்தா நல்லாவா இருந்திருப்பேன்?" என்றாள் பின்னால் வந்த திவ்யா. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. சாப்ட்டியா நீ?"

அதற்குள் ரேணுகாவே உள்ளே வந்துவிட்டார். "நீ ஒண்ணக் கூட்டிச் சொன்ன. எம் புள்ள ஒண்ண மறைச்சான். அதுக்கும் இதுக்கும் சரியாப் பூடிச்சி. உம் பொண்ணு மட்டும் இல்லாங்காட்டி இவன் கண்ணாலத்தன்னிக்குதான் வாயத் தொறந்திருப்பான். தங்கம்மா அவ."

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதே... தனம் சுண்டல் தட்டை நீட்டினார். ரேணுகா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்.

'கடக்.'

"இன்னும் ரெண்டு விசிலு வுட்டிருக்கலாம்" என்றார் ரேணுகா, தாடையைப் பிடித்துக்கொண்டு.

தனம் என்னைப் பார்த்தார். முறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. அழுத கண்ணோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சதீஷுக்கு அவன் விரும்பிய பெண்ணையே பேசி முடித்துவிட்டார்கள். திருமழிசைப் பக்கம் மண்டபம் பார்த்திருக்கிறார்களாம். திவ்யாவுக்கு வரன் தேடுவது தொடர்கிறது. இப்போது யார் வந்தாலும் அவளே முதலில் வெளியே அழைத்துப்போய், "வேற யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டுவிடுகிறாள். சாஃப்ட்வேர் டெஸ்டர் அல்லவா!

ரேணுகாதான் விடவில்லை. கிளம்பும்போதே, "சனிக்கெழம வரவாக்கா?" என்றார். மரியாதைக்குத் தலையாட்டினேன். வந்துவிட்டார்! வெள்ளானூரிலிருந்து ஆவடி வந்து, பஸ் மாறி, போன் நிறையச் சத்தங்களோடு. எருமை கத்துவது, போர் மோட்டார் இரைவது, அண்ணன் ஏழுமலைக்குத் தெரியாமல் பிடித்த அவருடைய கொட்டாவி.

முதல் சனிக்கிழமை தனம் மேலே வரவில்லை. அடுத்த வாரம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் வாசலில் நின்று, "எருமைய ரெண்டாவதா போட்டா நல்லா இருக்கும்" என்றார். இப்போது அவருக்கென்று நான்கு பேட், ரேணுகாவுக்கென்று நான்கு பேட்.

"நீ முந்திக்கினு அடிக்கிற" என்பார் ரேணுகா.

"நீதான் பிந்திக்கினு அடிக்கிற. அன்னிக்கே பாத்தேன், உங்கூட்ல எல்லாரும் மெதுவு."

"எங்கூட்ட இன்னாத்துக்கு இழுக்கற? உங்கூட்டு காபி மட்டும் வாழுதா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "கொட்டாவிய எடுக்கச் சொல்லுக்கா அவங்கள" என்று ஒருவர். "முடியாதுன்னு சொல்லுக்கா" என்று இன்னொருவர். நடுவில் நான் தூது.

சம்பந்தம்தான் கூடவில்லை... சம்பந்திச் சண்டை வாரம் தவறாமல் நடக்கிறது!